அந்தப் பக்கம் இருக்கும் கை

2004 அக்டோபர் 18. இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்களை டெல்லியில் இருந்தபடியே தொடங்கிவைத்தார் பிரதமர் மன்மோகன் சிங். தமிழ்நாட்டில் அன்றைக்கு இணைந்தவை மூன்று ஊர்கள்: திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி. திண்டுக்கல் மாவட்டத்தில் பஸ் மாறிப் போகிறவர்களுக்குச் செம்பட்டி பழகிய ஊர். ஒருபக்கம் வத்தலக்குண்டு, ஒருபக்கம் நிலக்கோட்டை, ஒருபக்கம் ஒட்டன்சத்திரம் என்று சாலைகள் பிரியும் இடம். அங்கே செயற்கைக்கோள் வழியாக வானிலை, பயிர் ஆலோசனை, பாடம் ஆகியவற்றோடு தொலைமருத்துவமும் வந்து சேரும் என்பது ஏற்பாடு.

அந்தக் காலத்துத் தொலைமருத்துவத்தில் சுலபமாக நடந்தவை எவை என்று பார்த்தால், எல்லாமே கண்ணால் பார்க்கிற சமாச்சாரங்கள். எக்ஸ்ரே படம், ஈ.சி.ஜி. தாள், தோலில் வந்த படை, கண். பக்கத்துத் தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2000-களின் நடுவில் நெடுந்தூர வைஃபை இணைப்புகளைப் போட்டது. கிராமத்துப் பார்வை மையத்தில் உட்கார்ந்திருப்பவரை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். கண்ணைப் படம் பிடித்து அனுப்பிவிடலாம். நெஞ்சுக்குள் நடப்பதை அப்படிப் பிடிக்க முடியாது. அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது 2020-இல். ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ நடைமுறை நெறிமுறைகள் வெளிவந்தன. வீடியோவிலோ போனிலோ எழுத்துச் செய்தியிலோ டாக்டர் ஆலோசனை சொல்லலாம் என்று அவை அனுமதித்தன. கூடவே ஒரு கடிவாளமும் போட்டன. உடலைப் பரிசோதித்தால்தான் முடிவெடுக்க முடியும் என்ற நிலை வந்தால், நேரில் பரிசோதிக்க ஏற்பாடாகும்வரை டாக்டர் மேலே போகக் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் நாடே இருமிக்கொண்டும் மூச்சுத் திணறிக்கொண்டும் இருந்த ஆண்டு அது. ஏப்ரல் 13-இல் மத்திய அரசின் தொலைமருத்துவத் தளமான இ-சஞ்சீவனியின் வெளிநோயாளர் சேவை தொடங்கியது. முதல் மாதங்களில் அதை மிக அதிகம் பயன்படுத்திய மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் நின்றது. இருமலோடு அழைத்தவரின் முகத்தை டாக்டர் பார்த்தார், சொன்னதைக் கேட்டார், கேள்வி கேட்டார். நுரையீரலைக் கேட்க வழியில்லை.

“நாடி பிடிச்சுக்கூடப் பாக்கல, அதுக்குள்ள மாத்திரை எழுதிட்டாரு” என்பது நேரில் பார்க்கிற டாக்டரைப் பற்றியே நம் பக்கத்தில் சொல்லும் குறை. போனில் பார்க்கிறவர் மேல் எப்படி நம்பிக்கை வரும்?

ஸ்டெதாஸ்கோப் பிறந்ததே டாக்டரின் காதுக்கும் நோயாளியின் உடம்புக்கும் நடுவே கொஞ்சம் தூரம் வேண்டும் என்பதற்காகத்தான். 1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லெனெக் என்ற மருத்துவரிடம், இதய நோய்க்கான அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பதும் அந்நாளில் ஒரு முறை. பெண்ணின் வயதும் பருமனும் அதற்கு இடம் தரவில்லை. லெனெக் காகிதத்தை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை அவர் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். காதை ஒட்டிக் கேட்டதைவிடத் தெளிவாகவே கேட்டது. 1819-இல் அதைப் பற்றி நூலே எழுதினார். காசநோய் பிடித்த நுரையீரல் எப்படியெல்லாம் ஒலிக்கும் என்று பக்கம் பக்கமாக விவரித்தவர், 1826-இல் அதே காசநோயில் இறந்துபோனார்.

அந்த ஒரு முழத் தூரத்தை நீட்டிப் பார்க்கும் ஆசை வெகு சீக்கிரம் வந்துவிட்டது. 1910-இல் எஸ்.ஜி. பிரவுன் என்ற ஆங்கிலேயர், தொலைபேசி ஒலியைப் பெருக்கும் தன் கருவியைக் கொண்டு லண்டனில் துடித்த இதயத்தின் ஓசையை வைட் தீவில் இருந்த மருத்துவர்களுக்குக் கேட்கவைத்தார். 1968-இல் பாஸ்டனில் கென்னத் பேர்ட் என்ற மருத்துவர், லோகன் விமான நிலையத்தின் மருத்துவ அறையை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையோடு மைக்ரோவேவில் இணைத்தார். இரண்டுக்கும் நடுவே சில மைல்தான். போக்குவரத்து நெரிசல் அதை நெடுந்தூரம் ஆக்கியிருந்தது. கேமராவோடு மின்னணு ஸ்டெதாஸ்கோப்பும் அந்த அறையில் இருந்தது. வரலாற்றில் பேர்டின் பெயர் நின்றது. விமான நிலையத்தில் பயணியின் நெஞ்சில் கருவியை வைத்தவர் அங்கிருந்த நர்ஸ்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த நர்ஸைப் பற்றியது என்றுகூடச் சொல்லலாம். அதற்கு முன் கொஞ்சம் ஒலியியல்.

இதயத்தின் வால்வுகள் மூடும்போது எழுவதுதான் லப்-டப். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள மைட்ரல், ட்ரைகஸ்பிட் வால்வுகள் மூடும்போது ‘லப்’. ரத்தம் வெளியேறும் வாசல்களில் இருக்கும் அயோர்ட்டிக், பல்மனரி வால்வுகள் மூடும்போது ‘டப்’. வால்வு சுருங்கியிருந்தாலோ சரியாக மூடாமல் கசிந்தாலோ ரத்தம் சுழித்து ஓடும். அப்போது இரண்டு ஒலிகளுக்கும் நடுவே ஒரு முணுமுணுப்பு கேட்கும். டாக்டர்கள் அதை மர்மர் என்பார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகள். மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து கேட்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். கேட்கும்தான், ஆனால் அந்தக் கீழ்முனையில் நம் காது மகா மந்தம்.

சாதாரணத் தொலைபேசி கடத்துவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. மனிதப் பேச்சு புரிய அது போதும் என்று பல காலம் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். இதய ஒலியில் பெரும்பகுதி அந்த வாசலுக்குக் கீழேயே நின்றுபோகும். செல்போனை நெஞ்சில் அழுத்தி “கேக்குதா டாக்டர்?” என்றால், அந்தப் பக்கம் கேட்பது சட்டை உரசும் சத்தம்தான். வீடியோ அழைப்புச் செயலிகள் இன்னும் மோசம். பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று துடைத்துவிடும்படி அவற்றைச் செய்திருக்கிறார்கள். விடாமல் ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலி அவற்றின் கணக்கில் மின்விசிறி. ஆகவே நெஞ்சின் ஓசைக்குத் தனி வழி வேண்டியிருக்கிறது.

டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப் செய்வது அதைத்தான். மார்பில் வைக்கும் வட்டத்துக்குள் ஒரு மைக்கோ, அதிர்வை மின்சாரமாக மாற்றும் படிகமோ இருக்கும். அது பிடித்த ஒலியைப் பெருக்கி, எண்களாக மாற்றி, புளூடூத் வழியாகப் போனுக்கோ கணினிக்கோ அனுப்பிவிடும். இதய ஒலிக்கு ஒரு வினாடியில் 4,000 முறை அளவெடுத்தால் தாராளம். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட் வைத்துக்கொண்டால் வினாடிக்கு 8,000 பைட். 15 வினாடிப் பதிவு 120 கிலோபைட்டில் அடங்கிவிடும். தினமும் வாட்ஸாப்பில் வரும் காலை வணக்கப் படங்கள் பலவும் இதைவிடக் கனமானவை. நேரலையாகக் கேட்க வேண்டுமானால் அறுந்துபோகாத இணைப்பு தேவை. பதிந்து அனுப்புவதற்கு சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும் ஊரே போதும்.

இந்தியாவில் தொலைமருத்துவத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 2000 மார்ச் 24. அன்று ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் இருந்த அப்போலோ மருத்துவமனையின் தொலைமருத்துவ இணைப்பை அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கிவைத்தார். அந்த விழாவைவிடத் திண்டுக்கல்காரர்களுக்கு நெருக்கமான கதை மேலூரில் இருக்கிறது. நத்தத்துக்காரர்களுக்கு மேலூர் ஒன்றும் தூரமில்லை. 2001 வாக்கில் ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கைகோத்து, அந்த வட்டாரத்துக் கிராமங்களில் கம்பியில்லா இணைய மையங்களைத் திறந்தன. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவிலிருந்து பிறந்த என்-லாக் நிறுவனம் அவற்றை நடத்தியது. அதே சூழலில் வளர்ந்ததுதான் நியூரோசினாப்டிக் என்ற பெங்களூர் நிறுவனத்தின் ரெமெடி பெட்டி. உடல் வெப்பம், ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., நெஞ்சொலி ஆகியவற்றைக் கிராமத்துக் கணினியிலிருந்து அனுப்பும் பெட்டி அது. கொரோனா காலத்தில் மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஆயுசிங்க் என்ற கருவி பேச்சுக்கு வந்தது. வழக்கமான ஸ்டெதாஸ்கோப்போடு இணைத்தால் அதுவே டிஜிட்டல் ஆகிவிடும். நோயாளியிடமிருந்து விலகி நின்று டாக்டர் கேட்கலாம் என்பது அப்போது பெரிய நிம்மதி. முழுக் கவச உடையின் தலைமூடிக்குள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்ட முயன்றவர்களுக்கு அந்த நிம்மதி புரியும்.

கருவி இருக்கிறது, இணையம் இருக்கிறது. பிறகு என்ன தடை?

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வருகிறார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது என்கிறார். திண்டுக்கல்லுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் இன்னும் ஒரு நாள். செவிலியர் இ-சஞ்சீவனியில் டாக்டரை அழைத்துவிட்டு, டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுக்கிறார்.

அவர் முதலில் செய்ய வேண்டிய வேலை மின்விசிறியை நிறுத்துவது. மே மாதம் என்றால் அறையில் இருக்கும் எல்லோரும் முறைப்பார்கள். ஆனாலும் வேறு வழியில்லை. விசிறியின் உறுமலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரமும் இதய ஒலி இருக்கும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். நல்ல கருவிகளில் வெளிச்சத்தத்தை மட்டும் பிடிக்க இன்னொரு மைக் வைத்து, அதைக் கழித்துவிடுவார்கள். இருந்தாலும் கழிப்பதற்குச் சத்தமே இல்லாமல் இருப்பது மேல். அடுத்து, கதவைச் சாத்த வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தையின் அழுகை வராந்தாவில் கேட்கும். பிறகு வளையல். நோயாளியின் கண்ணாடி வளையலோ செவிலியரின் வளையலோ ஒருமுறை குலுங்கினால், நாற்பது மடங்கு வரை ஒலியைப் பெருக்கும் கருவியில் அது இடிபோல விழும். தாலிக்கொடியை ஒருபக்கமாக ஒதுக்கச் சொல்ல வேண்டும். துணிக்கு மேலேயே வைத்துக் கேட்கும் பழக்கம் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. இங்கே அது உதவாது. துணி உரசும் சத்தம் நுரையீரலில் சளி மொறமொறப்பதைப் போலவே கேட்கும். ஆண்களின் நெஞ்சு முடியும் இதே வேலையைச் செய்யும். அந்த இடத்தைக் கொஞ்சம் ஈரப்படுத்திக்கொண்டால் குறையும். லெனெக்கைத் தயங்கவைத்த கூச்சம் இங்கே கேமரா ரூபத்தில் வருகிறது. கேமராவைச் செவிலியர் தன் கைப்பக்கம் மட்டும் திருப்பிவைத்து, டாக்டருக்கு ஓசையை மட்டும் கொடுத்தால் அதுவும் தீரும்.

இனிதான் இடம் பிடிப்பது. கழுத்துக்குக் கீழே இருக்கும் குழியில் விரலை வைத்து, நெஞ்செலும்பின் மேலேயே மெதுவாகக் கீழே இழுத்தால் ஒரு மேடு தட்டும். அந்த மேட்டை ஒட்டி வருவது இரண்டாம் விலா. அதற்குக் கீழே உள்ள இடைவெளியில், நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் அயோர்ட்டிக் வால்வின் ஒலி நன்றாகக் கேட்கும். அதே மட்டத்தில் இடப்பக்கம் பல்மனரி. இடப்பக்கமாகவே கீழே இறங்கினால் ட்ரைகஸ்பிட். இன்னும் இடப்பக்கம் தள்ளி, ஐந்தாம் இடைவெளியில் இதயத்தின் நுனியில் மைட்ரல். பெண்களுக்கு மார்பகத்தைச் சற்று உயர்த்தி அதன் அடியில் வைக்க வேண்டும், மேலே வைத்தால் பாதி ஒலி போய்விடும். மைட்ரல் வால்வு சுருங்கியிருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால் நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, கருவியை மேலாக மட்டும் வைக்க வேண்டும். அழுத்தினால் தோல் இழுபட்டு, அந்தத் தாழ்ந்த உருட்டொலி மறைந்துவிடும். இருக்கிற நோய் கையின் கனத்திலேயே காணாமல் போகும் இடம் இது.

இவ்வளவையும் செவிலியரின் கை செய்கிறது. டாக்டர் கேட்கிறார், அவ்வளவுதான். சாதாரணமாக டாக்டரின் காதும் கையும் ஒரே ஆளுடையவை. ‘இன்னும் கொஞ்சம் தள்ளி’ என்று காது சொல்வதற்குள் கை நகர்ந்துவிடும். தொலைமருத்துவத்தில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு வினாடி தாமதத்தில். “இடது பக்கம் ரெண்டு விரக்கடை நகத்தும்மா” என்று சொல்லும் பொறுமை டாக்டருக்கும், விரலும் விலாவும் தெரிந்த பயிற்சி செவிலியருக்கும் இருந்தாக வேண்டும். இதைப் பற்றிக் கருவி விற்பவர்களின் விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை.

டாக்டரின் பக்கத்திலும் குறைகள் உண்டு. மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்தத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் சக்தியே கிடையாது. காதை மூடும் நல்ல ஹெட்போன் வேண்டும். இன்னொன்று நுட்பமானது. நேரில் கேட்கும்போது டாக்டர் நோயாளியின் கழுத்து நாடியில் விரலை வைத்துக்கொள்வார். நாடி தட்டும் கணத்தில் வருவது ‘லப்’. அதை வைத்து மர்மர் இதயம் சுருங்கும்போது வருகிறதா, விரியும்போது வருகிறதா என்று பிரிப்பார். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்று 0.8 வினாடி. அதற்குள் அந்தப் பிரிப்பு நடக்க வேண்டும். நோய் எது என்பதே பல நேரம் அதில்தான் இருக்கிறது. தூரத்தில் இருப்பவருக்கு விரல் இல்லை. ஆகவே ஒலி அலையைத் திரையில் வரைந்து காட்டுவதும், கூடவே ஒரு ஈ.சி.ஜி. கோட்டை ஓடவிடுவதும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. இழந்த விரலுக்கு அவைதான் ஈடு.

ஆனால் நேரில் கேட்பவருக்குக் கிடைக்காத ஒன்று இவருக்குக் கிடைக்கிறது. திரும்பக் கேட்கலாம். சந்தேகமாக இருந்தால் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் இதய நிபுணருக்கு அனுப்பலாம். ஆறு மாதம் கழித்து அதே நெஞ்சின் புதுப் பதிவோடு ஒப்பிடலாம். பள்ளிக் குழந்தைகளுக்கு இதனால் வரும் பயன் பெரிது. பிறவி இதயக் குறைகளையும், தொண்டைப்புண்ணுக்குப் பின்னால் வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருப்பதையும் பள்ளி வயதில் கண்டுபிடிப்பது முக்கியம். ருமாட்டிக் பாதிப்பு இருந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி பல ஆண்டுகளுக்குப் போட வேண்டியிருக்கும். அதே சமயம் நன்றாக இருக்கும் குழந்தைகளிடமும் சாதுவான மர்மர் மிகச் சாதாரணம். கேட்டதையெல்லாம் மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ அறை வாசலில் கூட்டம் நிரம்பும், பெற்றோருக்குத் தூக்கம் போகும். நிபுணர் 15 வினாடி கேட்டுவிட்டு ‘இது ஒன்றுமில்லை’ என்று பிரித்துக் கொடுத்தால் பாதிச் சுமை குறையும். மிச்சத்துக்கு எக்கோதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப் எக்கோவுக்கு மாற்று ஆகாது.

நுரையீரலின் கதை கொஞ்சம் வேறு. அதன் ஒலிகள் இன்னும் மேலே, ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியும் போகும். வீசிங் நீண்ட ஒலி, தப்பாமல் மாட்டும். மொறமொறப்பு அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வினாடியில் நூற்றில் ஓரிரு பங்கோ அதற்கும் குறைவோதான் நீடிக்கும். பதிவைச் சுருக்கும் மென்பொருள் முதலில் கடாசுவது இத்தகைய நுணுக்கங்களைத்தான். திண்டுக்கல் சமவெளிக்கு இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலைகள் நிறைந்த பகுதி. வருடக்கணக்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் பிசினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து மில்லுக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும். நாள் போகப் போக அன்றாடம் ஆகிவிடும். இதை உறுதி செய்வது ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் சோதனைதான். ஆனால் அந்தச் சோதனைக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு பதிவுகள் ஒரு தொடக்கம் கொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவே கேட்டுச் சொல்லிவிட்டால் டாக்டர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு லண்டனிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அங்கே 205 பொதுமருத்துவ நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 96-க்கு நுண்ணறிவு பொருத்திய ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்து நடத்திய ட்ரைகார்டர் ஆய்வின் முடிவுகள் 2025-இல் மாட்ரிட் இதயவியல் மாநாட்டில் வெளியாயின. அந்தக் கருவியால் பரிசோதிக்கப்பட்டவர்களில் இதயச் செயலிழப்பு கண்டறியப்பட்டது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தலைப்புச் செய்தி அதுதான். ஆனால் கருவி பெற்ற நிலையங்களையும் பெறாத நிலையங்களையும் மொத்தமாக ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரணம், ஓராண்டு முடிவதற்குள் கருவி வாங்கிய நிலையங்களில் 70 சதவீதம் அதைத் தொடுவதை நிறுத்தியோ குறைத்தோ விட்டன. இதயச் செயலிழப்பு இருக்கலாம் என்று கருவி சந்தேகப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல்சோதனையில் அந்த நோய் இல்லை என்பதும் தெரிந்தது. லண்டனில் அது இன்னொரு ரத்தப் பரிசோதனை. திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறையில் அது இரண்டு பஸ், ஒரு நாள் கூலி, வீடு முழுக்கப் பயம்.

வசதியான லண்டன் நிலையங்களிலேயே கருவி மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டதென்றால், இங்கே கருவி வாங்குவதற்கு முன் கைகளுக்குச் செலவு செய்வதுதான் புத்திசாலித்தனம். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சின்னாளபட்டியை ஒட்டி, 1947-இல் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில், ஊரக சுகாதாரத்துக்கென்றே 1964-இல் ஒரு நிறுவனம் எழுந்தது. கிராமங்களுக்குப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பழகிய இடம் அது. அதுபோன்ற ஒரு வகுப்பறையில், நோயாளியின் சம்மதத்தோடு பெயரை நீக்கி எடுத்த பதிவை ஓடவிட்டு, எது துணி உரசல், எது வளையல், எது மைட்ரல் வால்வு என்று முப்பது செவிலியர்கள் ஒரே நேரத்தில் கேட்டுப் பிரிக்கலாம். பழைய ரப்பர்க் குழாயில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். அவர் கேட்டது சரிதானா என்று சொல்லிக்கொடுப்பவருக்கே தெரியாது.